ரசமா, மொளவுத்தண்ணியா?

போன செமஸ்டரில் ஒரு நாள் மதியம், கேண்டீனில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "அந்த மொளவுத்தண்ணிய இப்படித் தள்ளுடா" என்று கேட்டேன். மேஜையில் ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் ஒரே சிரிப்பு. "என்னடா அது, மாட்டுக்குக் காட்டுற கழனித்தண்ணி மாதிரி? ரசம்னு சொல்லுடா, ரசம்!" என்றான் ஒருத்தன். நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து கல்லூரியில் நான் அதை ரசம் என்றுதான் சொல்கிறேன். பாகூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனால் மட்டும் வாய் தானாக மொளவுத்தண்ணிக்குத் திரும்பிவிடும்.

ஆயாவிடம் (அம்மாவின் அம்மா) இதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "கல்யாண வூட்ல ஊத்தறாங்களே, அதாண்டா ரசம். நம்ம வூட்ல வைக்கிறது மொளவுத்தண்ணி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எங்க காலத்துல ரசம்னா கண்ணாடிக்குப் பின்னாடி பூசியிருக்குமே அதான்" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

எனக்கு அது உறைத்தது. ஒரே புளித்தண்ணீர், அதே மிளகு, அதே பூண்டு. அவர்கள் வீட்டில் வைத்தால் ரசம், எங்கள் வீட்டில் வைத்தால் தண்ணியா? யார் இந்தப் பெயரைப் பிரித்துக் கொடுத்தது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். (பைனான்ஷியல் அக்கவுண்டிங்கை இவ்வளவு ஆர்வமாகப் படித்திருந்தால் ஒரு அரியர் குறைந்திருக்கும். அது போகட்டும்.) கண்டுபிடித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

ரசம் தமிழுக்கு எப்படி வந்தது?

முதலில் ஊரறிந்த உண்மை: ரசம் வடமொழிச் சொல். 'ரச' என்பது அதன் மூலம். சாறு, பிழிந்தெடுத்தது, சத்து, சுவை என்று அதற்குப் பல அர்த்தம். தமிழில் ர என்ற எழுத்தில் சொல் தொடங்கக் கூடாது என்பது இலக்கணம். அதனால்தான் ராமன் இராமனானான், ரசம் இரசமானது. பரீட்சைப் பேப்பரில் 'இரசம்' என்று எழுதுவோம், சாப்பிடும்போது இ-யை விட்டுவிடுவோம்.

இந்தச் சொல்லின் சொந்தக்காரர்கள் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். லத்தீனில் பனித்துளிக்கு 'ரோஸ்' என்று பெயர். ரஷ்ய மொழியில் பனித்துளி 'ரசா' மாதிரியே ஒலிக்கும். பிரெஞ்சில் 'ரோசே'. இவையெல்லாம் வடமொழி ரசத்தோடு ஒரே வேரில் பிறந்தவை என்று மொழியியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் பிரிந்த அக்கா தங்கச்சியில் ஒருத்தி தமிழ்ச் சமையலறைக்குள் வந்துவிட்டாள். இன்னொருத்தி கப்பலேறி பிரெஞ்சுக்காரர்களோடு புதுச்சேரி வந்து சேர்ந்தாள். ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமலேயே ஒரே ஊரில் இருந்திருக்கிறார்கள்.

வடமொழி நம் பக்கத்துக் கிராமங்களுக்கு எப்படி வந்தது என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு. பாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, 3 கிராமங்களைத் தானமாகக் கொடுத்ததை அது சொல்கிறது. செப்பேடு பாதி வடமொழி, பாதி தமிழ். இன்றைக்குக் கரும்பும் நெல்லும் விளையும் ஊரில் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலேஜ் இருந்திருக்கிறது! (நாங்கள் மட்டும் காலேஜுக்கு பஸ் பிடித்து டவுனுக்குப் போகிறோம்.) அப்படிப்பட்ட இடங்கள் வழியாகத்தான் வடமொழிச் சொற்கள் ஊருக்குள் இறங்கின. அதற்காக அந்தக் கல்லூரியில் ரசம் ஊற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை.

ஒரு சொல், ஒன்பது வேலை

வந்த சொல் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு துறையிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

கூத்திலும் பாட்டிலும் உட்கார்ந்தது. பரதரின் நாட்டிய சாஸ்திரம் சொன்னது 8 ரசம். சாந்தம் பிறகு சேர்ந்து நவரசம் ஆனது. நம் தொல்காப்பியமும் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டுதான் சொல்கிறது. அங்கே அதற்குப் பெயர் மெய்ப்பாடு; பிறகு வந்த அணி இலக்கணத்தில் பெயர் சுவை. நாக்கில் படுவதும் மனசில் படுவதும் ஒன்றே என்று வடக்கிலும் தெற்கிலும் நினைத்திருக்கிறார்கள். ரசிகன், ரசனை எல்லாம் அங்கே பிறந்தவை. முத்துராமன் நவரசத் திலகம், அவர் மகன் கார்த்திக் நவரச நாயகன். ஆக, குடும்பமே ரசக் குடும்பம் :-)

இன்னும் எண்ணினால் விரல் போதாது. சுவாரசியத்துக்குள் ரசம் இருக்கிறது. சரசத்திலும் இருக்கிறது, அது கெட்டால் விரசம். தீபாவளிக்குச் சுடும் அதிரசம், பெங்காலி ரசகுல்லா, ரசமலாய் எல்லாம் பங்காளிகள். ரசாயனமும் அந்தக் குடும்பம்தான். ரசீது மட்டும் இல்லை. அது பாரசீகத்திலிருந்து வந்தது, 'வந்து சேர்ந்தது' என்று அர்த்தம். காமர்ஸ் மாணவன் என்ற முறையில் இதையாவது சரியாகச் சொல்ல வேண்டும்.

வில்லியனூர் மாதா கோயிலில் இன்னொரு ரசம். 1877-இல் எழுந்த லூர்து மாதா திருத்தலம் அது. பூசையில் வைக்கும் திராட்சை ரசம் நமக்குத் தெரியும். கானா ஊர்க் கல்யாணத்தில் ஏசு தண்ணீரை என்னவாக மாற்றினார் என்று தமிழ் பைபிளைத் திறந்தால், 'திராட்சரசம்' என்று இருக்கும். அதாவது தண்ணீர் ரசமாகிறது! கேண்டீனில் என்னைப் பார்த்துச் சிரித்தவனுக்கு அன்றைக்கே இதைச் சொல்லியிருக்கலாம். நமக்குத்தான் எல்லாம் ஒரு மாசம் கழித்துத் தோன்றுமே.

ஆயா சொன்ன கண்ணாடி

இப்போது ஆயாவின் ரசத்துக்கு வருவோம். "ரசம் போன கண்ணாடி" என்று சொல்கிறோம் இல்லையா, அந்த ரசம் பாதரசம். சித்த மருத்துவத்திலும் ரசவாதத்திலும் வெறுமனே ரசம் என்றாலே அதுதான். உலோகமாக இருந்தும் தண்ணீர் மாதிரி ஓடுவதால் உலோகங்களின் சாறு என்று நினைத்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகக் கண்ணாடி செய்த முறை இது: வெள்ளீயத் தகட்டை விரித்து, அதன்மேல் பாதரசம் ஊற்றி, மேலே கண்ணாடியை அழுத்தி வைப்பார்கள். ஈயமும் ரசமும் கலந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வேலை செய்தவர்கள் பாதரச ஆவியில் உடம்பு கெட்டுப்போனார்கள். பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயியின் மந்திரி கோல்பேர் 1665-இல் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையைத் தொடங்கி வைத்தார். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் இருக்கும் 357 கண்ணாடிகளும் அங்கே செய்தவை. அதே கோல்பேர்தான் அதற்கு முந்தைய வருஷம், 1664-இல், பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை ஆரம்பித்தவர். அந்தக் கம்பெனி 1674-இல் வந்து இறங்கிய இடம் நம்ம புதுச்சேரி.

1835-இல் ஜெர்மன் வேதியியல் அறிஞர் லீபிக் கண்ணாடியில் வெள்ளி படிய வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதன்பிறகு பாதரசம் மெல்ல மெல்ல இந்தத் தொழிலைவிட்டுப் போனது. இன்றைக்கு நம் வீட்டுக் கண்ணாடியில் ஒரு சொட்டு பாதரசம் கிடையாது. ஆனால் "ரசம் போச்சு" என்று சொல்வதை நாம் விடவில்லை. பொருள் போன பிறகும் பெயர் உட்கார்ந்திருக்கிறது.

இதில் ஒரு விசேஷம். கண்ணாடிக்குப் பின்னால் பாதரசத்தோடு இருந்த அதே வெள்ளீயம், சமையலறையிலும் ரசத்தோடு இருந்தது. ஈயச்சொம்பு! பழைய வீடுகளில் ரசம் வைக்கவென்றே இருந்த பாத்திரம். (வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. காரீயம் விஷம், ஜாக்கிரதை.) வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அதனால் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் சொம்பு போய்விடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை 100 டிகிரிக்கு மேல் ஏறாது, பாத்திரம் தப்பிக்கும். எங்கள் வீட்டில் ஈயச்சொம்பு இருந்ததில்லை. மண்சட்டி, பிறகு அலுமினியம், இப்போது எவர்சில்வர். ஆயா ரசத்தைப் பெரிய வீட்டுப் பொருள் என்று நினைத்ததற்கு இந்தச் சொம்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரசத்துக்கு முன்னால் என்ன பெயர்?

அப்படியானால் ரசம் என்ற சொல் வருவதற்கு முன்னால் தமிழர்கள் இதைக் குடிக்கவில்லையா? புளி இருந்தது. மிளகு இருந்தது. ரோமாபுரிக்கே ஏற்றுமதி செய்த மிளகு. வடமொழியில் ரசம் எதுவோ, அதற்கு நம்மிடம் இருந்த சொல் சாறு. தெலுங்கில் இந்தக் குழம்புக்கு 'சாரு' என்றும் கன்னடத்தில் 'சாரு', 'ஸாரு' என்றும் பெயர். மூன்றும் ஒரே திராவிடச் சொல். நம் புதுச்சேரி மாநிலத்திலேயே ஏனாமில் போய்ச் சாப்பிட உட்கார்ந்தால் அங்கே தெலுங்கில் 'சாரு' என்றுதான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் பழைய பெயரை வைத்துக்கொண்டார்கள், நாம்தான் மாற்றிக்கொண்டோம்.

தமிழிலும் முழுசாகப் போய்விடவில்லை. வைணவ வீடுகளில் இன்றும் அதற்குச் சாற்றமுது என்று பெயர், பேச்சில் சாத்தமுது. சாறு + அமுது. கோயில் கல்வெட்டுகளில் கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது என்று வரிசையாக வரும். சாமிக்குப் படைப்பதெல்லாம் அமுது. அந்தப் பழக்கம் வீட்டுக்கு வந்தது. இன்னொரு சங்கதி: சங்க இலக்கியத்தில் சாறு என்றால் திருவிழா என்றும் பொருள் உண்டு. ஆக ரசத்துக்கு நவரசம் இருந்தால், சாறுக்குத் திருவிழாவே இருக்கிறது. யாரும் யாருக்கும் குறைச்சல் இல்லை.

சாமியின் சாறு அமுதாயிற்று. பெரிய பந்தியின் சாறு ரசமாயிற்று. எங்கள் வீட்டுச் சாறு மட்டும் தண்ணியிலேயே நின்றுவிட்டது. இதுதான் கணக்கு என்று நினைத்துக் கொஞ்சம் கோபமாகவே இருந்தேன், அடுத்த பகுதியைப் படிக்கும்வரை.

லண்டனுக்குப் போன தண்ணி

மிளகுத்தண்ணி என்ற சொல்லை எந்தத் தமிழ்ப் புத்தகத்தில் தேடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது கிடைத்த இடம் ஒரு இங்கிலீஷ் அகராதி. 'மல்லிகடானி'. மிளகுத்தண்ணிதான் அது, இங்கிலீஷ்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டது. 1886-இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி, இது தமிழிலிருந்து வந்தது என்று தெளிவாகச் சொல்கிறது. அது காட்டும் பழைய மேற்கோள் 1784-ஐச் சேர்ந்தது. மைசூர்ப் போரில் பிடிபட்டு பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஒரு வெள்ளைக்காரர், நம் விதி இப்படி ஆகிவிட்டதே, மிளகுத்தண்ணியும் கஞ்சியும்தான் சாப்பாடு என்று பாடிய பாட்டு. அவருக்கும் அது ஏழைச் சாப்பாடாகத்தான் தெரிந்திருக்கிறது!

ஆனால் அதே சாப்பாட்டை வெள்ளைக்காரர்கள் விடவில்லை. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த துரைமார்களுக்கு 'மல்' என்றே பட்டப்பெயர். பம்பாய்க்காரர்கள் 'டக்', வங்காளத்துக்காரர்கள் 'கோய் ஹை', சென்னைக்காரர்கள் மிளகுத்தண்ணிகள். ரிட்டயர் ஆகி இங்கிலாந்து போனவர்கள் இதையும் கொண்டுபோனார்கள். அங்கே போய்க் கறித்துண்டு, வெங்காயம், மாவு, கறிப்பொடி எல்லாம் சேர்ந்து கெட்டி சூப்பாகிவிட்டது. டின்னில் அடைத்தும் விற்றார்கள். நம்ம ஆயாவிடம் அதைக் காட்டினால் குழம்பு என்றுதான் சொல்வார். பெயரில் மட்டும் தண்ணி அப்படியே இருக்கிறது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் தெளிவான ரசத்துக்கு இன்றும் 'பெப்பர் வாட்டர்' என்று பெயர். அது நேரடி மொழிபெயர்ப்பு.

கேண்டீனில் நான் வெட்கப்பட்ட சொல் ரசத்துக்கு முன்னாலேயே ஆங்கில அகராதியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

கப்பலில் போன ரசம்

சரி, அப்படியானால் ரசம் பெரிய வீட்டுச் சொல், மிளகுத்தண்ணி எளியவர் சொல் என்று கோடு போட்டுவிடலாமா? அங்கேதான் ஆயாவின் கணக்கும் இடிக்கிறது.

1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தது. ரியூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1861-இல் பிரான்சும் பிரிட்டனும் போட்ட உடன்படிக்கைக்குப் பிறகு பிரிட்டிஷ் பகுதிகளிலிருந்தும் ஆள் பிடித்தார்கள். 1882-இல் அது நின்றது. பக்கத்தில் இருக்கும் மொரீஷியஸுக்கு பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே புதுச்சேரிக் கைவினைஞர்கள் போயிருந்தார்கள். 1834-க்குப் பிறகு பிரிட்டிஷ் ஆட்சியில் கூலிகளும் போனார்கள்.

போனவர்கள் பெரும்பாலும் நிலம் இல்லாதவர்கள், பஞ்சத்துக்குத் தப்பியவர்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரவில்லை, பிரெஞ்சுக் கிரியோல்தான் வீட்டு மொழி. ஆனால் இன்றைக்கும் மொரீஷியஸில் தமிழர் விசேஷங்களில் வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுகிறார்கள். கூடவே ஒரு புளித்தண்ணீர் வருகிறது. அதன் பெயர் 'ரசோன்'. நம் ரசம்தான். கடைசி ம் பிரெஞ்சு மூக்கொலியாக மாறிவிட்டது, அவ்வளவுதான். ரியூனியனிலும் அதே பெயர்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையில் ஒன்றும் இல்லாமல் கப்பலேறியவர்களின் சந்ததி வாயில் இருப்பது ரசம் என்ற சொல். அரண்மனைக்காரர்கள் கொண்டுபோகவில்லை. பெங்களூர் ஜெயிலிலிருந்து துரைமார் பங்களாவுக்குப் போனதோ மிளகுத்தண்ணி. நான் நினைத்ததற்கு நேர் தலைகீழ். சொல்லுக்குச் சாதியும் இல்லை, அந்தஸ்தும் இல்லை. இரண்டு பெயரும் எல்லார் வாயிலும் இருந்திருக்கிறது. வெட்கம் மட்டும் நாம் பிற்பாடு போட்டுக்கொண்ட தாளிப்பு.

கடைசியில் வந்தவர் தக்காளி

வேடிக்கை என்னவென்றால், இன்றைக்கு ரசம் என்றாலே தக்காளி. ஓட்டல் மெனு கார்டில் வெளியூர்க்காரர்களுக்காக, தக்காளி போட்ட தெளிவான சூப் என்று விளக்கம் எழுதுகிறார்கள். ஆனால் இந்தச் சட்டியில் கடைசியாக வந்து விழுந்தவரே அவர்தான்.

தென் அமெரிக்காவில் தோன்றிய செடி. மெக்சிகோவில் பயிராகி, 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வழியாக ஐரோப்பா போய், அங்கிருந்து கப்பல்களில் நம் பக்கம் வந்தது. மிளகாயும் அமெரிக்காவிலிருந்து அதே நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் மூலம் வந்ததுதான். புதிதாக வந்த காய்க்குப் பழைய மிளகின் பெயரைக் கொடுத்தோம்: மிளகு + காய். தக்காளிக்கும் அதுவே. தக்காளி என்ற சொல் நம்மிடம் முன்பே இருந்தது, வயல் வரப்பில் தானாக முளைக்கும் சொடக்குத் தக்காளிக்கு. (சின்ன வயசில் அந்தக் காயின் உறையை நெற்றியில் அடித்து சொடக்குப் போட்டவர்கள் கை தூக்குங்கள்.) மணத்தக்காளியும் அந்த வகையறா. வெளிநாட்டிலிருந்து வந்ததைச் சீமைத்தக்காளி என்றோம். நாளாக ஆகச் சீமை உதிர்ந்தது. இப்போது வெறும் தக்காளி என்றால் வந்தவர்தான், வீட்டுக்காரர் சொடக்குத் தக்காளி ஆகிவிட்டார். இதே கதை மெக்சிகோவிலும் நடந்திருக்கிறது. அந்த ஊர் நாவா மொழியில் 'தொமாத்ல்' என்பது சொடக்குத் தக்காளி இனத்துக்கான சொல். ஸ்பானியர்கள் அதை எடுத்து இந்தச் சிவப்புப் பழத்துக்கு வைத்துவிட்டார்கள்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் ரேஷன் கடையில் தக்காளி விற்கும் அளவுக்குப் போனது. அப்போது எல்லார் வீட்டிலும் புலம்பல். எங்கள் வீட்டில் ஆயா மட்டும் அசரவில்லை. புளியைக் கரைத்தார். மிளகு, சீரகம், பூண்டைத் தட்டிப் போட்டார். தளதளவென்று கொதிக்க விடாமல், நுரை கட்டி மேலே வரும்போது இறக்கினார். கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு மூடினார். "தக்காளி வர்றதுக்கு முன்னாடி நாங்க துன்னலியா?" என்று ஒரு கேள்வி. காமர்ஸ் பாஷையில் சொன்னால் மாற்றுப்பொருள் விளைவு. ஆனால் உண்மையில் அவர் மாற்றுப்பொருளுக்குப் போகவில்லை, மூலப்பொருளுக்குத் திரும்பினார்.

தெளிவும் மண்டியும்

இன்னொரு சொல்லை வேண்டுமென்றே விட்டு வைத்திருந்தேன்: சமரசம். சம + ரசம். எல்லாருக்கும் ஒரே சுவை. பாகூரிலிருந்து கடலூர் தாண்டிப் போனால் வடலூர். அங்கே வள்ளலார் 1865-இல் தொடங்கிய சங்கத்தின் பெயரில் சமரசம் இருக்கிறது. 1867-இல் அவர் தருமச்சாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். சாதி, மதம் கேட்காமல் வருகிறவர்களுக்குச் சோறு. அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. ரசம் என்ற சொல் போன இடங்களிலேயே இதுதான் உயரமான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு ஒரு நாள் ஊருக்குப் போனபோது ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். லண்டன் அகராதி, மொரீஷியஸ் ரசோன், கண்ணாடி மண்டபம் எல்லாம். கேட்டுக்கொண்டே பரிமாறினார். அப்போதுதான் கவனித்தேன். சட்டியைக் கலக்காமல் மேலாக இருந்த தெளிவை எனக்கு ஊற்றினார். பரிமாறி முடித்தபின் அடியில் இருந்த மண்டியை, அதாவது பருப்பு, நசுங்கிய மிளகு, பூண்டு, சக்கை எல்லாம் கலந்ததை, தன் சோற்றில் போட்டுக்கொண்டார். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான். விருந்தாளிக்கும் ஆம்பிளைகளுக்கும் தெளிவு. ஆக்கியவருக்கு அடி மண்டி. இத்தனை வருஷமாகப் பார்த்தும் பார்க்கவில்லை.

ரசம் என்றால் சத்து, சாரம் என்று வடமொழிக்காரர்கள் சொல்கிறார்கள். அது எங்கே இருக்கிறது? அடியில்தான். அப்படிப் பார்த்தால் இத்தனை வருஷமும் மொளவுத்தண்ணி குடித்தது நான், ரசம் சாப்பிட்டது ஆயா. இதை அவரிடம் சொன்னேன். "போடா, ஆறிடப் போவுது, துன்னு" என்றார். நான் கரண்டியை வாங்கிக் கலக்கிவிட்டு, இரண்டு பேருக்கும் சமமாக ஊற்றினேன். "தெளிவு கெட்டுப்போச்சே" என்று முனகினாரே தவிர, தட்டை நகர்த்தவில்லை.

அடுத்த திங்கட்கிழமை கேண்டீனில், கொஞ்சம் சத்தமாகவே, "மொளவுத்தண்ணிய இப்படித் தள்ளுடா" என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஏன் என்று கேட்டால் சொல்ல என்னிடம் இப்போது கதை இருக்கிறது.

பின்குறிப்பு: உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்? ரசமா, சாறா, சாத்தமுதா, மிளகுத்தண்ணியா, வேறு ஏதாவதா? பெயரோடு ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படியே, அடி மண்டி யாருக்குப் போகிறது என்பதையும்.